அந்த இரண்டாம் அத்தியாயத்தை எங்களிடம் சொல்லியிருக்கலாம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர் அவர்களுக்கும், மேலாண்மைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வுகளை நெறிப்படுத்தும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் திருப்பூரில் பன்னிரண்டு தையல் எந்திரங்களை வைத்து, ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். எங்கள் தெருவுக்கு வினாத்தாளோடு வரும் ஆய்வு மாணவர்களைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடந்த வாரமும் ஒருவர் வந்தார். வினாத்தாளை வாங்கி வைத்துக்கொண்டேன், நிரப்பித் தரவில்லை. அதற்கான காரணத்தை உங்களிடம் சொல்வதே முறை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஷிப்மென்ட் நெருக்கடிக்கு நடுவே, ஒரு மாணவிக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். "செய்த வேலைக்குப் பணம் தாமதமாக வருகிறதா?" என்ற கேள்விக்கு 'எப்போதும்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அப்போது ஓர் ஏற்றுமதி நிறுவனம் எனக்கு ஐந்து மாதமாகப் பணம் தரவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை வார வட்டிக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில், வந்தால் போதும் என்று அறுபதாயிரம் ரூபாயைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்தேன்.

சென்ற மாதம் அந்த மாணவியின் ஆய்வேட்டை, முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் கண்டெடுத்து, என் மகள் தமிழில் வாசித்துச் சொன்னாள். இரண்டாம் அத்தியாயத்தில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் விளக்கப்பட்டிருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. குறு, சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழை அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருந்த எனக்கு இது தெரியாது. அன்று வினாத்தாளோடு எதிரே அமர்ந்திருந்த மாணவிக்குத் தெரிந்திருந்தது. ஆய்வேட்டின் பரிந்துரையோ, எங்களைப் போன்றவர்கள் நிதி ஒழுக்கத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது. அந்த வரியை என் மகள் இரண்டு முறை வாசித்தாள்.

அந்த மாணவியை நான் குறை சொல்லவில்லை. திரும்பி வந்து சொல் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. நான் கேட்பது அதைத்தான்: ஆய்வின் முடிவைத் தமிழில், நான்கு பக்கத்துக்குள், தகவல் தந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் பட்டம் பெறட்டும். வாய்மொழித் தேர்வின்போது பிற ஆய்வாளர்கள் அமரலாம் என்று உங்கள் விதி சொல்கிறது. எங்களையும் அழையுங்கள்.

கல்வி நிறுவனங்களுக்காக 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசையில் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுகிறார்கள். ஆலோசனைப் பணியில் கல்லூரி ஈட்டிய வருவாயைக்கூடக் கணக்கில் எடுக்கிறார்கள். ஆய்வுக்குத் தகவல் தந்த ஒரு தொழிலுக்கு நிலுவை வந்ததா, ஒரு தொழிலாளிக்குச் சம்பளம் நாள் தவறாமல் கிடைத்ததா என்பதற்கு மதிப்பெண் இல்லை. பிரிட்டனில் 2014ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு மதிப்பீட்டில், கல்விக்கூடத்துக்கு வெளியே விளைந்த பயனுக்கு 20 விழுக்காடு ஒதுக்கினார்கள். 2021இல் அது 25 ஆனது. அங்குள்ள மேலாண்மைப் பள்ளிகளும் யாருக்கு என்ன பயன் என்று எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. இங்கே அதைக் கேட்பதற்கு உங்களுக்கு என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். முடிவு எங்களிடம் திரும்பி வர வேண்டும் என்பதை விதியாக்குமாறு பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த வாரம் வந்தவரின் வினாத்தாள் என் மேசையில்தான் இருக்கிறது. முடிவைத் தமிழில் கொண்டு வந்து தருவோம் என்று அவருடைய நெறியாளர் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினால், அன்றே நிரப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர் ஒருவர்