கசிவுக்கும் ஒரு வகுப்பு வையுங்கள்: குமரி மாவட்ட இயந்திரவியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது தக்கலையில் இருக்கிறேன். உங்கள் கல்லூரி, பாலிடெக்னிக் பிள்ளைகள் புராஜெக்ட் சந்தேகம் கேட்டு வருவதுண்டு. வெப்பப் பரிமாற்றி (ஒன்றின் சூட்டைக் குழாய்ச் சுவர் வழியே இன்னொன்றுக்குக் கடத்தும் கருவி) என்றதும் எத்தனை குழாய், எவ்வளவு பரப்பு என்று கணக்கை மளமளவென்று போட்டுவிடுகிறார்கள். "குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். அந்தக் கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

கல்பாக்கத்து 500 மெகாவாட் அதிவேக ஈனுலை என்ற அணு உலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீராவி உண்டாக்கும் கலங்கள் 8. ஒவ்வொன்றிலும் 23 மீட்டர் நீளத்தில் 547 குழாய்கள். குழாயின் நடுவில் ஒட்டு கிடையாது. இரு முனைகளிலும் வெல்டிங் உண்டு. மொத்தம் 8752 வெல்டிங். குழாய்க்கு வெளியே 500 டிகிரிக்கும் மேல் சூடான திரவ சோடியம், உள்ளே சுமார் 170 பார் அழுத்தத்தில் தண்ணீரும் நீராவியும். இந்தச் சோடியம் உலையின் மையத்துக்குள் போவதில்லை, தனிச் சுற்று. (கூடங்குளத்தில் சோடியமே கிடையாது. நம்மூரில் இரண்டையும் போட்டுக் குழப்பாதவர்கள் குறைவு.)

ஓட்டை விழுந்தால் நீராவி சோடியத்துக்குள் பீறிடும். சோடியம் ஹைட்ராக்சைடு, ஹைட்ரஜன், கடும் சூடு மூன்றும் சேர்ந்தே வரும். குளத்தங்கரை நண்டு வளை மாதிரி ஓட்டை தன் விளிம்பைத் தானே தின்று பெருக்கும். தாரை படுகிற பக்கத்துக் குழாயையும் அரிக்கும். சில நேரம் வினையில் உண்டான பொருளே ஓட்டையை அடைத்து, கசிவு நின்றதுபோல் காட்டிப் பிறகு திறந்துகொள்ளும். ஸ்காட்லாந்தின் டவுன்ரே உலையில் 1987 பிப்ரவரியில் ஒரு குழாயில் தொடங்கிய உடைப்பு, சில நொடிகளில் 40 குழாய்களைக் காவு வாங்கியது.

ஆரம்பக் கசிவு பிரஷர் கேஜுக்கும் ஃப்ளோ மீட்டருக்கும் தெரியாது. ஹைட்ரஜனைத்தான் பிடிக்க வேண்டும். சோடியத்தை மெல்லிய நிக்கல் சுவரை ஒட்டி ஓடவிட்டால், ஹைட்ரஜன் மட்டும் ஊடுருவி மறுபக்கத்து வெற்றிடத்துக்கு வரும், அங்கே அளக்கலாம். சாதாரண நாளிலேயே சோடியத்தில் நூறு கோடியில் ஐம்பது பங்கு போல ஹைட்ரஜன் இருக்கும். அதற்கு மேல் பத்துப் பங்கு கூடினாலே கருவி சொல்ல வேண்டும். கலத்திலிருந்து கருவி வரை சோடியம் வந்து சேரும் நேரமும் நமக்கு எதிரிதான்.

உலையைக் கிளப்பும்போது சோடியம் அவ்வளவு சூடாக இருக்காது. அப்போது ஹைட்ரஜன் சரியாகக் கரையாமல் குமிழியாகி, சோடியத்துக்கு மேலே நிரப்பியிருக்கும் ஆர்கான் வாயுவுக்குப் போய்விடும், கீழே இருக்கும் கருவி சும்மா கிடக்கும். அதனால் ஆர்கானுக்குத் தனிக் கருவி: சூடான கம்பிதான். ஹைட்ரஜன் ஆர்கானைவிடப் பத்து மடங்கு போல வெப்பம் கடத்தும். கலந்த உடனே கம்பி குளிர்ந்து அதன் மின்தடை மாறும்.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். தயவுசெய்து சோடியம் வாங்கிவிடாதீர்கள்! வெல்டிங் பட்டறையில் ஆர்கான் சிலிண்டர் இருக்கிறது. ஹைட்ரஜனுக்குப் பதில் பலூன் கடை ஹீலியம் போதும், அதுவும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். மின்தடையை அளக்கும் வீட்ஸ்டன் பிரிட்ஜ் எல்லா லேபிலும் தூசி படிந்து கிடக்கிறது. ஆர்கான் ஓடும் குழாயில் பையன்கள் ஹீலியத்தைத் துளித்துளியாகக் கசியவிடட்டும், எவ்வளவு சிறிய கசிவு வரை கம்பி சொல்கிறது என்று பார்க்கட்டும்.

மார்க் போடும்போது, எத்தனை விநாடியில் பிடித்தார்கள் என்பதோடு, கசிவே இல்லாதபோது எத்தனை முறை மணி அடித்தது என்பதையும் எழுதி வாங்குங்கள். பொய்யாக அடிக்கும் அலாரத்தை ஷிப்ட்காரர் பத்து நாள் பொறுப்பார். பதினோராம் நாள் அணைத்துவிடுவார்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கருவிப் பணியாளர்