கல் நெஞ்சு என்று சொல்லாதே

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளை அந்த விபத்தில் உயிர் தப்பியதே போதும். காலில் போட்ட மாவுக்கட்டை எப்போது பிரிக்கிறார்கள்? இங்கே சிங்கப்பூரில், யீசூனில் எல்லாரும் நலம். மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரர் அண்ணனைப் பற்றி நீ எழுதிய ஒரு வரிதான் மனத்தை அறுக்கிறது. "பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இவர் கல்லாக நிற்கிறார், நெஞ்சில் ஈரமே இல்லை." அப்படிச் சொல்லாதே, செல்வி. குடித்துவிட்டு வந்து அடிக்கும் அப்பா, வாசலில் கத்தும் கடன்காரர்கள், தங்கைகளைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்த எட்டு வயதுப் பையன்: அண்ணன் வளர்ந்த வீட்டைப் பற்றி எனக்குச் சொன்னதே நீதானே?

ஆபத்து என்றால் மூளை அட்ரீனல் சுரப்பிக்குச் செய்தி அனுப்பும், கார்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும், ஆபத்து விலகியதும் இறங்கும். நாள்தோறும் பயத்தில் வாழும் குழந்தைக்கு அது இறங்க நேரம் ஏது? வளர்கிற மூளை அந்த வீட்டுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. சிலரிடம் அது தீராத பதற்றமாக நின்றுவிடுகிறது. என் தம்பியை உனக்குத் தெரியும், ஐம்பதைத் தாண்டியும் கதவு படாரென்று சாத்தினால் வியர்த்துப்போகிறான். வேறு சிலரிடம் நேர்மாறு. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் வில்லியம் லொவாலோ குழுவினர், உடல்நலமுள்ள இளையர்களை பேச்சு நிகழ்த்தவும் மனக்கணக்குப் போடவும் வைத்துச் சோதித்தார்கள். சிறுவயதில் அதிகம் துன்பப்பட்டவர்களுக்குக் கார்டிசோலும் இதயத் துடிப்பும் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறின. 2012இல் வெளிவந்த ஆய்வு அது. வெளியே அமைதி தெரிந்தால் உள்ளே அன்பு இல்லை என்று ஆகிவிடுமா?

அண்ணனுக்கும் இதுதான் என்று நான் முடிவு கட்டவில்லை. சிறுவயதுத் துன்பங்களை எண்ணிக்கையிட்டு 1998இல் பெரிய ஆய்வை வெளியிட்ட குழுவை வழிநடத்திய இருவரில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே, அந்த எண்ணை வைத்துத் தனி ஒருவரின் தலைவிதியைக் கணிக்கக் கூடாது என்று 2020இல் எச்சரித்தார்.

எனக்கு நம்பிக்கை தருவது மைக்கேல் மீனியின் எலிகள். கனடாவில் அவர் செய்த ஆய்வு. தாய் அதிகம் நக்கி வளர்க்காத குட்டிகள் பெரிதானதும் சிறு மிரட்டலுக்கும் மிகையாக மிரண்டன. அத்தகைய தாய்க்குப் பிறந்தவற்றைப் பிறந்தவுடன் பாசமுள்ள தாயிடம் மாற்றிவிட்டால், அவை நிதானமாக வளர்ந்தன. பிறப்பு மட்டுமே எல்லாம் இல்லை, பார். அதே மீனி பிறகு சிங்கப்பூருக்கும் வந்து, தாய்மார்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனிக்க 2009இல் தொடங்கிய கஸ்டோ ஆய்வில் பங்கேற்றார். நம் இந்தியத் தாய்மார்களும் சீன, மலாய்த் தாய்மார்களும் தம் பிள்ளைகளோடு அதில் இருக்கிறார்கள்.

அண்ணனிடம் "ஏன் அழவில்லை" என்று கேட்காதே. அன்று ஆஸ்பத்திரியில் அவர் என்னென்ன செய்தார் என்று நினைத்துப் பார். படிவங்களை நிரப்பியது, இரவெல்லாம் நாற்காலியில் இருந்தது எல்லாம் அவர்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். பேச அவர் விரும்பினால் நல்ல மனநல ஆலோசகர் ஒருவரை ஈப்போவிலேயே தேடுங்கள். வற்புறுத்தாதே.

டிசம்பர் விடுமுறையில் மூவரும் இங்கே வாருங்கள். தம்பியும் வருகிறான். பஸ் டிக்கெட் எடுத்ததும் எழுது.

அன்புடன்,
மாலதி