பூட்டிய கடையையும் எண்ணியவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைந்தபட்சக் கூலி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் டேவிட் கார்டின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்துபோனது: கூலியை உயர்த்தினால் வேலை குறையாது என்று சொன்ன, நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் என்று. இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவள் நான். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் எழுதியிருக்கலாம்.

1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் 4.25 டாலர்தான். அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்டும் ஆலன் க்ரூகரும், உயர்வு வருவதற்கு முன்பே இரண்டு மாநிலங்களிலுமாக 410 துரித உணவகங்களை போனில் கேட்டார்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், ஆரம்பக் கூலி என்ன, ஒரு சாப்பாடு என்ன விலை என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் நவம்பர், டிசம்பரில் அதே கடைகளை மறுபடியும் கேட்டார்கள். இந்த முறை போனில் பதில் சொன்னவை 371. மீதி 39 கடைகள் கிடைக்கவில்லை.

எங்கள் வேலையில் கால் வழுக்கும் இடம் இதுதான். ஒருமுறை மூன்று நாள் போயும் ஒரு வீடு பூட்டியே கிடந்தது. "பக்கத்து வீட்டை எழுதும்மா, யார் பார்க்கப் போறாங்க" என்றார் மேற்பார்வையாளர். எழுதிவிட்டேன். அந்த வீட்டுக்காரர் வேலை போய்க் குடும்பத்தோடு ஊரைவிட்டே போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் எடுத்ததோ வேலைவாய்ப்புக் கணக்கு. எண்ண வேண்டிய ஆளே எண்ணிக்கையில் இல்லை. இன்றைக்கும் அது என் மனதில் உறுத்துகிறது.

கார்டும் க்ரூகரும் அந்த 39 கடைகளுக்கும் காரில் ஆள் அனுப்பினார்கள். 6 கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டிருந்தன. 2 கடைகளில் புதுப்பிப்பு வேலை, ஒன்றில் தீ விபத்து, இன்னொன்று சாலைப் பணியால் மூடல். திறந்திருந்த 29 கடைகளில் 28 நேரிலேயே பதில் சொல்லின. மூடிய 6 கடைகளையும் விட்டுவிடாமல், 'வேலையாட்கள் பூஜ்யம்' என்று கணக்கில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்தும், பகுதிநேர ஆளை அரை ஆளாக எண்ணி முழுநேர வேலையாகக் கணக்கிட்டால் நியூ ஜெர்சியில் கடைக்குச் சராசரி 20.44 பேர் என்பது 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33 என்பது 21.17 ஆகக் குறைந்தது.

சரி, இதோடு வழக்கு முடிந்ததா என்றால் இல்லை. நியூமார்க், வாஷர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் உணவகங்களின் சம்பளப் பதிவேடுகளை வைத்து இந்த முடிவை மறுத்தார்கள். கார்டும் க்ரூகரும் 2000இல் அரசாங்கத் தரவுகளை எடுத்துப் பார்த்துப் பதில் எழுதினார்கள். விவாதம் இன்னும் நடக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் கூலியை உயர்த்தலாம் என்று கார்டு சொன்னதில்லை. இந்த ஆய்வால் நண்பர்கள் பலரை இழந்ததாகவும், அதனால் இந்தத் தலைப்பிலிருந்தே விலகி நின்றதாகவும் பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். கனடாவில் பால் பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1980இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் வந்து இறங்கியபோது அமெரிக்காவின் மயாமி நகரில் கூலி விழுந்ததா என்று ஆராய்ந்ததும் அவர்தான். பெரிதாக விழவில்லை என்று 1990இல் எழுதினார். அதற்கும் எதிர்ப்பு வந்தது.

2021 பொருளாதார நோபல் பரிசில் பாதி கார்டுக்கு, மறுபாதி ஆங்ரிஸ்ட், இம்பென்ஸ் என்ற வேறு இரு அறிஞர்களுக்கும். க்ரூகர் 2019இல் காலமாகிவிட்டார். இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு அறிவிக்கப்படுவதில்லை. உங்கள் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. அடுத்த முறை நியூ ஜெர்சி பற்றி எழுதும்போது இரண்டு பெயர்களையும் சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கெடுப்புப் பணியாளர், உங்கள் நெடுநாள் வாசகி