அடாஜியோ வாசிக்கும் விமலாவுக்கு

அன்புள்ள விமலா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு வேலை கிடைத்து ஹைதராபாத் போய்விட்டாள். பியானோவை அவள் அறைக்கு மாற்றிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குக்கூட வாசிக்க முடிகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பேத்தோவன் பியானோவுக்கு எழுதிய பதெத்தீக் சொனாட்டாவில் மெதுவாக நகரும் இரண்டாவது பகுதி, அடாஜியோ கன்டாபிலே. மெட்டைத் தனியாக வாசித்தால் அழகாக இருக்கிறது, எல்லாம் சேரும்போது அது உள்ளே அமிழ்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தது. மெட்டு வலது கையின் கடைசி இரண்டு விரல்களில் இருக்கிறது. அதே கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடுவில் ஓடும் சின்ன நோட்டுகளை வாசிக்க வேண்டும். கையிலேயே கனமான விரல் கட்டை விரல். நான் சுண்டு விரலை இன்னும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன், மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம். அப்புறம் ஒரு வாரம் மெட்டைத் தொடவே இல்லை. நடு நோட்டுகளை மட்டும், விரல் பியானோவின் கட்டையை விட்டு எழும்பாமல், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவுக்கு வாசித்தேன். எட்டாவது நாள் மெட்டைச் சேர்த்தபோது அது தானாக மேலே வந்து நின்றது. நீயும் செய்து பார்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கன்டாபிலே என்றால் பாடுவதுபோல. ஆனால் பியானோவில் ஒரு நோட்டைத் தட்டிய கணமே அது தேயத் தொடங்கிவிடுகிறது. இரண்டாவது பாரில், அதாவது இரண்டாவது தாளக் கட்டத்தில், ஈ பிளாட் என்ற நோட்டு நீளமாக வருகிறதல்லவா? அது எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த அளவிலேயே அடுத்த டி பிளாட்டைத் தொட வேண்டும். ஈ பிளாட்டைத் தொடங்கிய பலத்தோடு தொட்டால் மெட்டு அங்கே முறிந்துவிடும். இதற்கு விரல் பயிற்சி உதவாது, காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நான் முதலில் வாயால் பாடி, எங்கே மூச்சு எடுக்கிறேன் என்று நோட்டுகள் அச்சிட்ட ஸ்கோரில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

அதற்காக ரொம்ப மெதுவாக வாசிக்காதே. பாருக்கு இரண்டு தாளம்தான், நாம் இருவருமே நான்காக எண்ணிப் பழகிவிட்டோம். இது அச்சானது 1799இல். அன்றைய வியன்னா பியானோக்களுக்கு மரச் சட்டம், சுத்தியல்களில் தோல், மொத்தமே ஐந்து ஆக்டேவ், நம் கணக்கில் ஐந்து ஸ்தாயி. நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். அதில் இழுத்து வாசித்தால் மெட்டே நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

17ஆம் பாரில் சோகச் சாயலுள்ள எஃப் மைனர் சுருதிக்கு மாறும் பகுதி உனக்குச் சிரமம் தராது. 37ஆம் பாரில்தான் நான் போன மாதம் ஒரு வீட்டில் நாலு பேர் முன்னால் தடுமாறி நின்றுவிட்டேன். அங்கே மெட்டு ஏ பிளாட் மைனருக்கு இருண்டு, மேல் குரலும் கீழ்க் குரலும் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்கின்றன. பிறகு 44இல் திடீரென்று வெளிச்சமான ஈ மேஜர். ஸ்கோரில் நோட்டை அரைப்படி இறக்கும் பிளாட் குறியெல்லாம் அரைப்படி ஏற்றும் ஷார்ப் குறியாகிவிடுவதால் கண் பயந்துவிடுகிறது. ஆனால் முன்பு ஏ பிளாட்டாக இருந்த அதே கறுப்புக் கட்டைதான் இப்போது ஜி ஷார்ப். கட்டை மாறவில்லை, சுற்றியுள்ள வெளிச்சம் மாறிவிட்டது. இதைப் புரிந்துகொண்ட பிறகு அங்கே எனக்குக் கை நடுங்குவதில்லை.

51இல் மெட்டு திரும்பும்போது நடுக்குரலில் பாருக்கு எட்டாக இருந்த நோட்டுகள் பன்னிரண்டாகிவிடுகின்றன. வேகம் மாறக் கூடாது. அந்த மூன்று மூன்றான ஓட்டம் முந்தைய பகுதியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இருட்டுக்குள் போய் வந்த மெட்டு, அங்கிருந்து எதையோ கையில் எடுத்து வந்ததுபோல எனக்குத் தோன்றும்.

1801 ஜூனில் பேத்தோவன் தன் பழைய நண்பர் வேகெலருக்கு ஒரு கடிதம் எழுதினார். பான் நகரத்துக்காரர், டாக்டர். மூன்று வருஷமாகக் காது மங்கி வருவதை அவரிடம்தான் மனம் திறந்து சொல்கிறார். கணக்குப் பார்த்தால் அது இந்த சொனாட்டாவை எழுதிய காலம். துக்கத்தைத்தான் இசையாக்கினார் என்று நான் சொல்ல மாட்டேன், இந்த மெட்டில் அவ்வளவு அமைதி இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நோட்டும் தேய்வதைக் கேட்டுக்கொண்டே வாசிக்கும்போது அந்தக் கடிதம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அடுத்த மாதம் நீ இங்கே வரும்போது ஸ்கோரையும் எடுத்து வா. 37இலிருந்து 50 வரை நீ மேல் குரலை வாசி, நான் கீழ்க் குரலை வாசிக்கிறேன். டீச்சர் வீட்டில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோமே, அப்படி. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ஹெலன்