புத்தகப் பார்சலுக்கு முன் ஒரு கடிதம்

கோல்செஸ்டர், இங்கிலாந்து
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா? உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் காலி இடத்தில் தோட்டம் போடப் போகிறீர்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எந்தப் புத்தகம் படிக்கலாம், மீன் விட்ட தொட்டித் தண்ணீர் ஏன் திரும்பத் திரும்பப் பச்சையாகிறது என்று இரண்டே கேள்விதான் கேட்டிருக்கிறாய். ஆனால் பதில் நீளமாக வரும். பொறுமையாகப் படி.

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில்தான் தோட்டப் புத்தகங்கள் என் கைக்கு வந்தன. இங்கே டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து வெளியே வந்தால் நல்ல இருட்டு. யாரும் இல்லாத அறைக்குப் போக மனம் வராமல் பொது நூலகத்தில் போய் உட்காருவேன். உறுப்பினராகக் காசு கிடையாது, அட்டை ஒன்று கொடுத்துவிடுகிறார்கள். தோட்டக்கலைக்கென்று தனி அலமாரி. படம் பார்க்கலாம் என்று ஒன்றை எடுத்தேன், அப்புறம் அந்த அலமாரியை விட்டு நகரவில்லை.

அங்கே பார்த்ததில் என்னை உலுக்கியது ஒரு பாசிப் புத்தகம். அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி 1843-இல் வெளியிடத் தொடங்கியது. இங்கிலாந்துக் கடலோரப் பாசிகளைச் சேகரித்து, இரும்பு உப்புகள் பூசிய தாளில் ஒவ்வொன்றாகப் பரப்பி, வெயிலில் வைத்து, பிறகு தண்ணீரில் அலசியிருக்கிறார். வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலமாகிவிடும், பாசி மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். பின்னாளில் கட்டட வரைபடங்களுக்குப் பயன்பட்ட அதே நீல அச்சு முறைதான். எழுத்துகளைக்கூடக் கையால் எழுதி அதே மாதிரி பதித்திருக்கிறார். புகைப்படங்களோடு வந்த முதல் புத்தகம் என்று இதைச் சொல்கிறார்கள். பத்து வருஷம் பகுதி பகுதியாக வெளியிட்டு, தன் அப்பாவுக்குச் சமர்ப்பித்தார். நியூயார்க் பொது நூலகம் தன்னிடம் உள்ள பிரதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து பார், அக்கா. பட்டு நூலைப் பிரித்துப் போட்ட மாதிரி இருக்கும் ஒவ்வொரு இழையும். வழுக்குகிறது என்று நாம் தேய்த்துக் கழுவுகிற பாசிக்கு இவ்வளவு அழகா என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் எல்லாவற்றையும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். சுவரில் பச்சைக் கம்பளம் போலப் படர்வது பெரும்பாலும் குட்டி இலைகள் உள்ள தாவரம், ஆங்கிலத்தில் மாஸ். தொட்டியில் வருவது ஆல்கே, அதற்கு உண்மையான வேரும் இல்லை, இலையும் இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு உலகம். மாஸுக்கு ராபின் வால் கிம்மரர் 2003-இல் எழுதிய 'கேதரிங் மாஸ்' படி. ஆல்கேவுக்கு ரூத் காசிங்கர் எழுதிய 'ஸ்லைம்' (2019). கதை சொல்வது போலவே போகும், உனக்குப் பிடிக்கும்.

சரி, உன் தொட்டிக்கு வருகிறேன். தண்ணீர் பச்சையாவது அழுக்கு சேர்ந்ததால் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி கோடிக்கணக்கில் பெருகுவதுதான் அந்த நிறம். அதற்கு வேண்டியது இரண்டு: நேரடி வெயிலும், தண்ணீரில் கரைந்த சத்தும். மீன் தீனி, உதிர்ந்த இலை, பக்கத்துச் செடிக்குப் போடும் உரம் எல்லாம் அந்தச் சத்தைக் கொடுக்கும். நீ ஒவ்வொரு முறையும் தொட்டியைக் காலி செய்து புதுத் தண்ணீர் விடுகிறாயே, அந்தத் தண்ணீரிலேயே சத்து இருந்தால் பாசிக்கு நீயே புதுச் சாப்பாடு போட்ட கணக்குத்தான். குறுந்தொகையில் பரணர், தலைவியின் பசலையை, அதாவது பிரிவால் மேனியில் படரும் வெளிறலை, ஊர்க்கேணிப் பாசியோடு ஒப்பிடுவார், ஞாபகம் இருக்கிறதா? தொட்டால் விலகும், விட்டால் மறுபடி பரவும். பிரிவைப் பற்றிய அந்தப் பாட்டு இங்கே வந்த பிறகு எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. ஆனால் பரணர் பாசியை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார் பார்! வழித்து எடுத்தால் மட்டும் போகாது. அல்லி இலைகள் தண்ணீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடட்டும், மீனுக்குத் தீனியைக் குறை, முடிந்தபோது மழைத்தண்ணீர் பிடித்து ஊற்று. நூல் நூலாக வருவதை மட்டும் குச்சியில் சுற்றி எடுத்துவிடு. மருந்து போடாதே. பாசி ஒரேயடியாகச் செத்து அழுகினால் தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும்.

செடிகளைப் புரிந்துகொள்ள முதலில் பிரையன் கேப்பனின் 'பாட்டனி ஃபார் கார்டனர்ஸ்'. நுனியைக் கிள்ளினால் ஏன் பக்கக் கிளை வருகிறது, வேர் எந்த இடத்தில் தண்ணீரை உறிஞ்சுகிறது என்பதையெல்லாம் பள்ளிக்கூடப் பயம் வராத மாதிரி சொல்வார்.

ஆனால் ஒரே ஒரு புத்தகம்தான் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால், நான் அனுப்புவது பெத் சாட்டோ எழுதிய 'தி டிரை கார்டன்'. 1978-இல் வந்தது. அவருடைய தோட்டம் இங்கிருந்து சில மைல் தூரம்தான், எல்ம்ஸ்டெட் மார்க்கெட் என்ற ஊரில். 1960-இல் அவர் தொடங்கியபோது அது யாருக்கும் வேண்டாத நிலம். ஒரு பக்கம் வெறும் மணலும் சரளையும், தாழ்வான பக்கம் சேறு. அவர் கணவர் ஆண்ட்ரூ, எந்தச் செடி உலகத்தில் எந்த மாதிரி இடத்தில் தானாக வளர்கிறது என்று ஆயுள் முழுக்கப் படித்துக் குறித்தவர். அந்த அறிவை வைத்துக்கொண்டு வறண்ட இடத்தில் வறட்சி தாங்கும் செடியும், சேற்றில் சேற்றுக்கு உரியதும் நட்டார்கள். நிலத்தோடு சண்டை போடவில்லை. சேற்றுப் பக்கத்துக்கு 'தி டேம்ப் கார்டன்' என்று இன்னொரு புத்தகம் உண்டு, 1982.

போன ஆகஸ்டில் அங்கே போயிருந்தேன். கார் நிறுத்துமிடமாக இருந்த இடத்தை 1990-களின் தொடக்கத்தில் பெத் சாட்டோ சரளைக்கல் தோட்டமாக மாற்றினார். நட்டு வேர்பிடித்த பிறகு அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவதே இல்லை. கார்கள் ஏறி இறுகிப்போன மண்ணை முதலில் ஆழமாகக் கிளறி, மக்கிய உரம் கலந்திருக்கிறார்கள். பாதை எப்படி வளைய வேண்டும் என்று தண்ணீர்க் குழாய்களைத் தரையில் போட்டுப் பார்த்து, வற்றிப்போன ஆற்றுப்படுகை மாதிரி அமைத்திருக்கிறார். ஊரெல்லாம் புல்வெளி காய்ந்து பழுத்துக் கிடக்க, அங்கே மட்டும் தேனீக்கள் விடாமல் இரைந்துகொண்டிருந்தன. ரொம்ப நேரம் நின்றேன்.

செடியை விட இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று அவர் எழுதியது எனக்கு உறைக்க ஒரு டேலியா சாக வேண்டியிருந்தது. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, வீட்டுக்குப் பின்னால் வடக்குப் பார்த்த துண்டு நிலத்தில் நட்டேன். பூக்கவே இல்லை, முதல் உறைபனியில் கறுத்துத் துவண்டது. அப்புறம்தான் வெயிலைக் கணக்குப் பார்த்தேன். இங்கே டிசம்பர் நடுப்பகலில் சூரியன் தொடுவானத்திலிருந்து 15 டிகிரிதான் ஏறுகிறது, ஜூனில் 61 டிகிரி. குளிர்காலம் முழுக்க என் நிலம் வீட்டின் நிழலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இப்போது அங்கே பெரணியும், ஸ்னோடிராப் என்ற குளிர்காலப் பூச்செடியும் வைத்திருக்கிறேன். இன்று காலை வெள்ளை மொட்டுகள் பனியைத் தாண்டித் தலைகுனிந்து நின்றன.

நிறம் சேர்ப்பதற்கு கெர்ட்ரூட் ஜீக்கில் 1908-இல் எழுதிய புத்தகம் நல்லது, ஆனால் அது பெரிய தோட்டக்காரர்களுக்கு. நீ பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஓய்வாகப் படிக்க 'டியர் ஃபிரெண்ட் அண்ட் கார்டனர்' அனுப்புகிறேன், 1998-இல் வந்தது. பெத் சாட்டோவும் கிறிஸ்டோபர் லாயிட் என்ற தோட்ட எழுத்தாளரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள். லாயிட் 1993-இல் தன் வீட்டு ரோஜாத் தோட்டத்தைத் தோண்டி எடுத்துவிட்டு வாழையும் கல்வாழையும் வைத்தவர்! அந்தப் பக்கத்தைப் படித்தபோது, இந்தக் குளிரில் ஒருவர் வாழையைப் போர்த்திக் காப்பாற்றுகிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

'தி டிரை கார்டன்' என் சொந்தப் பிரதி. ஓரங்களில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், அழிக்காதே. அதில் வரும் செடிப் பெயர்களை அப்படியே வாங்கத் தேடாதே, அவை இந்தக் குளிருக்கானவை. அவர் நிலத்தைப் பார்க்கும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்.

பார்சல் வர மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் அத்தானைக் குழி எதுவும் தோண்ட விடாதே. ஒரு தாளில் இடத்தை வரைந்து, காலை ஒன்பது, நண்பகல், மாலை நாலு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று மூன்று நிறத்தில் கோடு போடு. மழைத்தண்ணீர் எங்கே தேங்கும், எந்தப் பக்கம் ஓடும் என்றும் குறி. அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
உன் தம்பி