பெட்டிக் கீரை யாருக்கு?

ஆசிரியருக்கு,

2030க்குள் சிங்கப்பூரின் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்று 2019ல் இலக்கு வைத்தோம். மறு ஆண்டே உள்ளூர்ப் பண்ணைகளுக்கு 30 மில்லியன் வெள்ளி மானியம் வந்தது. 2025ல் அந்த இலக்கே கைவிடப்பட்டது. கட்டடத்துக்குள் விளக்கொளியில் கீரை வளர்த்தால் மின்கட்டணம் கட்டி மாளாது.

மானியமே கூடாது என்று சொல்லவில்லை. 2020ல் மலேசியா எல்லையை மூடியபோது, காய்கறி வருமோ வராதோ என்று பட்ட பயம் இன்னும் மறக்கவில்லை. ஆனால் பேரங்காடியில் இங்கே விளைந்த லெட்டூஸ் கீரைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விலை கண்டு திரும்ப வைத்துவிடுகிறார் என் அம்மா. நேராகத் தேக்கா சந்தைக்குப் போய் முளைக்கீரைக் கட்டு வாங்குகிறார்.

மானியத்தில் ஒரு பங்கை வாங்குபவர் பக்கம் திருப்பி, உள்ளூர்க் காய்கறிக்கென்றே பற்றுச்சீட்டு (வவுச்சர்) கொடுக்கலாமே! அப்புறம், லெட்டூஸோடு கொஞ்சம் முளைக்கீரையும் வளர்க்கட்டும்.

வாசகர், ஈசூன்