படத்தில் இருப்பது பிரமதண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், மில்க் திஸில் என்ற முள்செடியின் விதை ஈரலுக்கு மருந்தாகச் சொல்லப்படுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரை இருக்கட்டும், பக்கத்தில் போட்ட படம் தப்பு. மஞ்சள் பூவோடு நிற்கும் அந்தச் செடி, எங்கள் கோவில்பட்டிப் பக்கம் தரிசிலும் சாலையோரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கும் பிரமதண்டு. குடியோட்டிப்பூண்டு என்றும் சொல்வார்கள்.

குழம்புவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டுக்கும் இலை விளிம்பெல்லாம் முள், நரம்பை ஒட்டி வெளுப்பு. வெறும் இலையை நீட்டினால், முப்பது வருடம் தாவரவியல் நடத்திய நானும் கொஞ்சம் யோசிப்பேன். பூ வந்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

மில்க் திஸில் சூரியகாந்திக் குடும்பம். ஊதா நிறத்தில் ஒரே பூ மாதிரி தெரிவது, ஏராளமான குட்டிப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்த ஒரு தலை. அதற்கு அடியில் முள்நுனிச் செதில்கள் அடுக்கடுக்காக நிற்கும். விதையின் உச்சியில் பஞ்சுக் குடுமி. குசும்பா பயிரைப் பார்த்தவர்களுக்கு இந்த முள் தலை புதிதல்ல, இரண்டும் நெருங்கிய சொந்தம்.

பிரமதண்டு கசகசாவின் பங்காளி. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்து நம் ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது. பூவுக்கு நாலு முதல் ஆறு இதழ், பட்டுத்தாள் மாதிரி. மொட்டின் தலையில் குட்டிக் கொம்புகள். தண்டைக் கிள்ளினால் மஞ்சள் பால் வடியும். வகுப்பில் அப்படிக் கிள்ளிக் காட்டப்போய் ஒரு நல்ல வெள்ளைப் புடவையைப் பாழாக்கியிருக்கிறேன். காய் முற்றி வெடித்தால் உள்ளே கடுகு போலவே கறுப்பு விதை.

அந்த விதைதான் என் கவலை. 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்து, கால் வீங்கி, மூச்சுத் திணறி, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பெண் உங்கள் பேப்பரோடு வந்து, "அக்கா, இது நம்ம காட்டுலயே நெறைய நிக்குதே, விதைய இடிச்சு வீட்டுக்காரருக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டாள். நல்ல வேளை, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தாள்.

திருத்தத்தை வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவில், சரியான படத்தோடு போடுங்கள். மூலையில் இரண்டு வரியாகப் போட்டால் அவள் கண்ணில் படாது.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கோவில்பட்டி